சைன் என்ற சொல்லுக்கு என்ன பொருள்? மூக்குச் சைனஸுக்கும் அதற்கும் உறவு உண்டா?

மலையருவி (அட்டன்) கேட்டது:

தரம் 11 பிள்ளைகளுக்குத் திரிகோணகணிதத்தைச் சொல்விளக்கத்தோடு தொடங்க நினைக்கிறேன். வில், நாண், ஆரை, தொடலி எல்லாம் தமிழ்ச் சொற்கள். படம் போட்டாலே பொருள் விளங்கிவிடும். தான்சன் தொடலியோடு சேர்ந்து போகிறது. கோசைன், சைனுக்குப் பிறந்தது என்று சொல்லிவிடலாம். சைன் மட்டும் ஒட்டாமல் நிற்கிறது. "எதிர்ப்பக்கத்தைச் செம்பக்கத்தால் வகுத்தால் சைன்" என்பது வரைவிலக்கணம். அந்தச் சொல்லுக்குப் பொருள் என்ன என்று பிள்ளை கேட்டால் அது பதில் ஆகாது.

தேடிப் பார்த்தால் விளக்கங்கள் ஒன்றோடொன்று மோதுகின்றன. சமஸ்கிருத ஜ்யாவிலிருந்து வந்தது என்கிறார்கள் சிலர். இலத்தீனில் வளைவு என்று பொருள், அலைபோல வளைந்து போகும் வரைபைப் பார்த்து வைத்த பெயர் என்கிறார்கள் வேறு சிலர். மொழிபெயர்ப்பில் நேர்ந்த பிழை என்றும் ஒரு கதை இருக்கிறது. இதற்குள், நுவரெலியாப் பக்கம் குளிர்காலம் வந்தால் வீட்டுக்கு வீடு பேசப்படும் மூக்குச் சைனஸும் இதே சொல்தானா என்று பிள்ளைகள் கேட்கிறார்கள்.

எது சரி? 40 நிமிடப் பாடவேளைக்குள் கரும்பலகையில் காட்டக்கூடிய மாதிரி யாராவது சொன்னால் பெரிய உதவி.


சொற்கூடை (கண்டி) எழுதியது:

டீச்சர், ஜ்யா என்பது சரி. இலத்தீன் என்பதும் சரி. சைனஸ் என்பதும் சரி. எழுத்துக்கு எழுத்து அதே சொல். அலை விளக்கம் மட்டும் பிழை. சைனுக்கு இலத்தீன் பெயர் 12ஆம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டது. அந்த அலை வரைபை ஐரோப்பாவில் வரையத் தொடங்கியது 17ஆம் நூற்றாண்டில்தான். இல்லாத படத்தைப் பார்த்து யாரும் பெயர் வைத்திருக்க முடியாது.

கதையை வட்டத்திலிருந்து தொடங்குங்கள், முக்கோணியிலிருந்து வேண்டாம். வட்டத்தில் ஒரு துண்டு வில். அதன் இரு முனைகளையும் இணைக்கும் நேர்கோடு நாண். நம் பாடப்புத்தகத்தில் இந்த இரண்டு சொற்களும் அப்படியே இருக்கின்றன, பிள்ளைகள் அதை வேட்டைக்காரன் வில்லோடு சேர்த்துப் பார்ப்பதில்லை, அவ்வளவுதான். சமஸ்கிருதத்தில் வில்லுக்குச் சாபம், நாணுக்கு ஜ்யா அல்லது ஜீவா. கிரேக்கத்திலும் நாணுக்கு வந்த சொல் நரம்புக் கயிறு என்ற பொருளுடையதே.

கிரேக்க வானியலாளர் தொலெமி கி.பி. 2ஆம் நூற்றாண்டில் முழு நாணுக்குத்தான் அட்டவணை போட்டார். ஆரையை 60 பங்காக வைத்து, அரைப் பாகையிலிருந்து 180 பாகை வரை அரை அரைப் பாகையாக ஏற்றிப் போனார். அதைப் பயன்படுத்தும்போது ஒரு தொல்லை உண்டு. கணக்கில் வருவது பெரும்பாலும் செங்கோண முக்கோணி. அதற்கு வேண்டியது பாதி நாண். ஆகவே ஒவ்வொரு தடவையும் கோணத்தை இரட்டிக்க வேண்டும், அட்டவணையில் பார்க்க வேண்டும், கிடைத்ததைப் பாதியாக்க வேண்டும். இந்திய வானியலாளர்கள் அந்தப் பாதி நாணையே நேரே அட்டவணையில் போட்டுவிட்டார்கள். அதற்கு அர்த்த ஜ்யா என்று பெயர். அர்த்தம் என்றால் பாதி. நாளடைவில் அர்த்தம் உதிர்ந்து ஜ்யா, ஜீவா என்றே பாதி நாணைச் சொல்லத் தொடங்கினார்கள். 499ஆம் ஆண்டைச் சேர்ந்த ஆரியபட்டரின் நூலில் இந்த அட்டவணை இருக்கிறது.

8ஆம் நூற்றாண்டில் இந்திய வானியல் நூல்கள் பாக்தாத்துக்குப் போயின. அங்கே ஜீவாவை மொழிபெயர்க்கவில்லை, ஒலியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். அரபியில் வகர ஒலி இல்லை, அதனால் ஜீவா ஜீபா ஆயிற்று. அரபியில் குற்றுயிர்களை எழுதும் வழக்கமும் இல்லை. ஜீம், யா, பா என்ற மூன்று எழுத்து மட்டும் தாளில் நிற்கும். ஜீபா என்ற சொல்லுக்கு அரபியில் பொருளில்லை. அதே மூன்று எழுத்தை ஜைப் என்று வாசித்தால் நல்ல அரபுச் சொல்: சட்டையின் நெஞ்சுத் திறப்பு, துணி மடிப்பு, பை. அந்த வாசிப்பே நிலைத்தது.

12ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினில் அரபு நூல்களை இலத்தீனுக்குக் கொண்டுவந்தவர்கள் ஜைபுக்கு நேர் சொல்லாகச் சைனஸ் என்று போட்டார்கள். இலத்தீனில் சைனஸ் என்றால் மேலாடை மடிப்பு, மார்பகம், கடல் உள்வாங்கிய குடா, உட்குழிவு. தமிழில் ஒரே சொல்லில் சொல்ல வேண்டுமானால் "மடி" மிக அருகில் வரும். மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்கிறோமே, அந்த மடி. மூக்கைச் சுற்றி எலும்புக்குள் இருக்கும் காற்றுக் குழிகளுக்கும் மருத்துவர்கள் அந்த உட்குழிவு என்ற பொருளில்தான் சைனஸ் என்று பெயர் வைத்தார்கள். ஆகவே பிள்ளை கேட்டது சரியான கேள்வி. சொல் ஒன்றே, வந்த வழிதான் வேறு.


பாகைமானி (பண்டாரவளை) எழுதியது:

வரலாறு மேலே வந்துவிட்டது. கரும்பலகைக்கு வருவோம்.

ஆரை 10 செ.மீ. வட்டம் ஒன்றைத் தாளில் வரையச் சொல்லுங்கள். 10தான் வசதி, கடைசியில் தசமப் புள்ளியை ஓர் இடம் நகர்த்தினால் போதும். சைன் 40 பாகை வேண்டும் என்று வையுங்கள். மையத்தில் 80 பாகைக் கோணம் வரைய வேண்டும், 40 அல்ல. இரண்டு ஆரைகளும் வட்டத்தை வெட்டும் இடங்களை இணைத்தால் நாண். அளந்தால் 12.9 செ.மீ.க்குச் சற்றுக் குறைவாக வரும், கணக்கில் 12.86. மையத்திலிருந்து நாணுக்குச் செங்குத்து இறக்குங்கள். மையத்திலிருந்து நாணுக்கு இறக்கும் செங்குத்து நாணை இருசமகூறிடும் என்ற தேற்றம் பிள்ளைகளுக்குத் தெரியும். 80 பாகையும் 40, 40 ஆகப் பிரியும். பாதி நாண் 6.43. ஆரையான 10ஆல் வகுத்தால் 0.643. அட்டவணையில் 0.6428.

இப்போது அந்தப் பாதிப் படத்தை மட்டும் வண்ணச் சுண்ணக்கட்டியால் தடிப்பாக்குங்கள். செங்கோண முக்கோணி கிடைக்கும். செம்பக்கம் வேறொன்றுமில்லை, வட்டத்தின் ஆரை. எதிர்ப்பக்கம் பாதி நாண். "எதிர்ப்பக்கம் கீழ் செம்பக்கம்" என்ற வரைவிலக்கணம் எங்கிருந்து வந்தது என்று இனி யாரும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. பாதி நாணில் எத்தனை பங்கு ஆரை இருக்கிறது என்று கேட்கிறோம், அவ்வளவே. நாண் எப்போதும் விட்டத்தைத் தாண்டாது, ஆகவே பாதி நாண் ஆரையைத் தாண்டாது, ஆகவே சைன் 1ஐத் தாண்டாது. சைன் 1.3 என்று விடை எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போகும் பிள்ளை இந்தப் படத்தைப் பார்த்த பிறகு அப்படிப் போகாது.

இங்கே நடக்கும் பிழை ஒன்றே ஒன்று. மையத்தில் 80க்குப் பதிலாக 40 வரைந்துவிடுவார்கள். அப்போது நாண் 6.84 வரும், பாதி 3.42, விடை 0.342. அது சைன் 20. பிழையான விடையைத் தூக்கி எறியாமல் அட்டவணையில் தேடச் சொல்லுங்கள். சரி பாதிக் கோணத்தின் சைன் கிடைத்திருக்கிறது என்று அவர்களே கண்டுபிடித்தால் "அர்த்த" என்ற சொல் ஏன் இருந்தது என்பது மறக்காது.

இன்னும் நேரம் இருந்தால் ஆரியபட்டரின் அட்டவணையையே கொடுக்கலாம். அவர் ஆரையை 3438 என்று வைத்தார். காரணம் அழகானது. முழு வட்டம் 360 பாகை, ஒரு பாகைக்கு 60 கலை, ஆகக் கலையில் சொன்னால் 21,600. அதை 2π ஆல் வகுத்தால் 3437.75, முழு எண்ணாக 3438. ஆக வில்லையும் நாணையும் ஒரே அலகில், கலையில், அளக்கிறார். கால் வட்டத்தை 24 துண்டாக்கினார். ஒரு துண்டு 225 கலை, அதாவது 3 பாகை 45 கலை. சைன்களை நேரே தராமல் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் உள்ள வித்தியாசத்தைத் தருகிறார்: 225, 224, 222, 219, 215, 210, 205, 199 என்று இறங்கிக்கொண்டே போய் 24ஆவது 7இல் முடியும். முதல் எட்டையும் கூட்டுங்கள். 1719. எட்டுத் துண்டு என்றால் 30 பாகை. 1719, 3438இன் சரி பாதி. சைன் 30 அரை என்பது பிள்ளைகள் கண்முன்னே கூட்டலில் வந்து விழும்.

இடையில் உள்ள கோணத்துக்கு மடக்கை அட்டவணைப் புத்தகத்தில் வித்தியாச நிரலைப் பார்ப்போமே, அதே வேலைதான். 20 பாகை என்றால் 1200 கலை. 225ஆல் வகுத்தால் ஐந்து முழுத் துண்டு, மீதி 75. ஐந்து வித்தியாசங்களின் கூட்டு 1105. அடுத்த வித்தியாசம் 210. 75 என்பது 225இல் மூன்றில் ஒன்று, ஆகவே 70. மொத்தம் 1175. 3438ஆல் வகுத்தால் 0.3418. இன்றைய அட்டவணை 0.3420. ஐந்தாம் நூற்றாண்டுக் கணக்கு ஆயிரத்தில் ஒரு பங்கு கூடப் பிசகவில்லை என்றால் வேறென்ன வேண்டும்!


மலையருவி எழுதியது:

இரண்டு சேருக்கும் மிக்க நன்றி. செம்பக்கமே ஆரை என்பதை இப்படி முதலில் வைத்துத் தொடங்கினால் பாதி வேலை முடிந்தது.

இரண்டு சந்தேகம். கோசைனில் இருக்கும் "கோ" எது? கோடி ஜ்யா என்று ஒரு பெயர் இருந்ததாக வாசித்தேன், அந்தக் கோடியின் கோவா? மற்றது, அந்த மொழிபெயர்ப்பைப் பிழை என்று பிள்ளைகளிடம் சொல்லலாமா? இவ்வளவு பெரிய ஆட்கள் எப்படித் தவறினார்கள் என்று கேட்பார்கள்.


நூல்நுனி (பதுளை) எழுதியது:

டீச்சர், கோ இரண்டும் ஒன்றல்ல. காதுக்கு ஒன்றாகக் கேட்கிறது, அவ்வளவுதான். இதில் பலர் வழுக்குகிறார்கள்.

கோடி என்றால் முனை. தெருக்கோடி, லயத்துக் கோடி வீடு என்று நாமும் சொல்கிறோம். வில்லின் வளைந்த நுனிக்குச் சமஸ்கிருதத்தில் கோடி என்று பெயர். அதிலிருந்து செங்கோண முக்கோணியின் மற்றப் பக்கத்துக்கும், 90இல் மிஞ்சிய கோணத்துக்கும் ஆகி, கோடி ஜ்யா என்று வந்தது. ஐரோப்பியக் கோசைனுக்கு அது தெரியாது. அங்கே நிரப்பு கோணத்தின் சைன் என்று நீளமாக எழுதிக்கொண்டிருந்தார்கள். நிரப்பு என்பதற்கான இலத்தீன் சொல்லின் முதல் அசைதான் கோ. 1620இல் எட்மண்ட் கண்டர் என்ற ஆங்கிலேயர் தன் அட்டவணை நூலில் அதைச் சுருக்கிக் கோ-சைனஸ் என்று எழுதினார். பிள்ளைகளுக்கு நேரே சொல்லலாம்: கோசைன் 50 என்றால் அதன் நிரப்பு கோணமான 40இன் சைன். இந்த ஒரு வரி தெரிந்தால் சைன் அட்டவணை ஒன்றை வைத்துக்கொண்டே கோசைனையும் பார்க்கலாம். கோணம் கூடக் கோசைன் குறையும், ஆகவே கோசைன் அட்டவணையில் வித்தியாசத்தைக் கழிக்க வேண்டும் என்பதற்கும் காரணம் இதுவே. பரீட்சையில் அதைக் கூட்டிவிட்டு வருபவர்கள் நிறையப் பேர்.

தான்சனையும் அதோடு சேர்த்துவிடுங்கள். தொடு என்ற பொருளுள்ள இலத்தீன் வினையிலிருந்து 1583இல் டென்மார்க்கின் தோமஸ் ஃபிங்கே வைத்த பெயர் அது. தொடலி என்ற நம் சொல் அச்சு அசலாக அதே பொருள். ஆக அந்த மூன்றில், தன் பொருளைத் தொலைத்துவிட்டு வந்தது சைன் மட்டும்.

அந்தப் பிழை விஷயத்தில் சொற்கூடை சேர் எழுதியதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். இணையத்தில் இதை ஒரு மனிதரின் சறுக்கலாகச் சொல்வார்கள். கிரெமோனாவின் ஜெரார்டு என்பார் ஒருவர், செஸ்டரின் ராபர்ட் என்பார் இன்னொருவர். இருவருமே 12ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினில் இருந்து மொழிபெயர்த்தவர்கள். ஆனால் அவர்கள் கைக்கு நூல் வந்தபோது ஜைப் என்பது அரபுக் கணிதத்தில் பல தலைமுறையாக ஊறிப்போன கலைச்சொல். தங்கள் முன் இருந்த அரபுச் சொல்லுக்குச் சரியான இலத்தீன் சொல்லைத்தான் அவர்கள் போட்டார்கள். தவறியது அந்த இடத்தில் அல்ல. சமஸ்கிருதத்திலிருந்து அரபிக்குப் போகும்போதே பொருளை விட்டுவிட்டு ஒலியை மட்டும் தூக்கிக்கொண்டு போனார்கள். பொருள் இல்லாத ஒலிக்கு, பக்கத்தில் இருந்த பொருளுள்ள சொல் வந்து ஒட்டிக்கொண்டது.

இதற்கு ஒரு சாட்சி இருக்கிறது. நாணின் நடுவிலிருந்து வில்லின் நடு வரை உள்ள சிறு கோட்டுக்கு இந்தியாவில் சரம் என்று பெயர், அம்பு. வில்லில் நாணேற்றி வைத்த அம்பைப் போலவே அது நிற்கும். அரபியில் இதை ஒலிபெயர்க்காமல் சஹ்ம் என்றார்கள், அம்பு. இலத்தீனில் சகித்தா, அதுவும் அம்பு. மூன்று மொழியிலும் அம்பு அம்பாகவே போய்ச் சேர்ந்தது. பொருளாக அனுப்பிய சொல் சேதமில்லாமல் போயிருக்கிறது, ஒலியாக அனுப்பிய சொல் மடியாக மாறியிருக்கிறது.

பிள்ளைகளுக்கு இதை விளக்கத் தமிழிலேயே ஓர் உதாரணம் உண்டு. அர்த்த ஜ்யாவைத் தமிழில் எழுதுங்கள்: அரை நாண். வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். குழந்தைக்கு இடுப்பில் கட்டும் அரைஞாண் கயிறுதான் நினைவுக்கு வரும். அரை என்றால் பாதியும் ஆகும், இடுப்பும் ஆகும். ஞாண் என்பது நாணின் பழைய வடிவம். தமிழ் அரைகுறையாகத் தெரிந்த ஒருவர் நம் கணித நூலை வேறொரு மொழிக்குக் கொண்டுபோனால் "இடுப்புக் கயிறு" என்று எழுதிவிட மாட்டாரா? 500 வருடம் கழித்து அந்த மொழிப் பிள்ளைகள் "இடுப்புக் கயிறு 30 பாகை சமன் அரை" என்று படித்துக்கொண்டிருப்பார்கள். கணக்கு சரியாகவே இருக்கும். சைனுக்கு நடந்தது இதுவேதான்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட மனமில்லை. ஜைப் தமிழுக்கும் வந்திருக்கிறது. அரபியிலிருந்து பாரசீகம், உருது வழியாக ஜேப்பு. பழைய ஆட்கள் சட்டைப் பையை அப்படித்தான் சொல்வார்கள். ஜேப்படித் திருடன் என்று இன்றும் செய்தித்தாளில் எழுதுகிறார்கள். சட்டை ஜேப்பும் திரிகோணகணிதச் சைனும் ஒரே மூன்று அரபு எழுத்தில் வந்து சந்திக்கின்றன.


இரும்புப்பாதை (நானுஓயா) எழுதியது:

நூல்நுனி சொன்ன அம்பு செத்துப்போகவில்லை. பள்ளிக்கூடப் புத்தகத்தில்தான் இல்லை, ரயில் பாதையில் இன்னும் வேலை செய்கிறது. பாதைக்காரர்கள் அதை வேர்சைன் என்பார்கள். ஒன்றிலிருந்து கோசைனைக் கழித்தால் வருவது. 10 செ.மீ. வட்டத்தில் நீங்கள் வரைந்த 80 பாகை நாணுக்கு அம்பின் நீளம் 10 கழித்தல் 7.66, அதாவது 2.34 செ.மீ. பிள்ளைகள் அளந்தே பார்க்கலாம்.

மலையகப் பாதையில் நேராக ஓடும் துண்டைவிட வளைவுதான் அதிகம். ஒரு வளைவின் ஆரை எவ்வளவு என்று தெரிய வேண்டும், ஆனால் வட்டத்தின் மையம் எங்கோ பள்ளத்தாக்கின் நடுவில் அந்தரத்தில் இருக்கும், அல்லது மலைக்குள் இருக்கும். அங்கே போய் நாடா பிடிக்க முடியாது. அதனால் 20 மீற்றர் நூலை வெளித் தண்டவாளத்தின் உட்பக்கத்தில் இரு முனையையும் ஒட்டி இறுக்கிப் பிடிப்பார்கள். அதுதான் நாண். நூலின் சரி நடுவில், நூலுக்கும் தண்டவாளத்துக்கும் இடையில் உள்ள இடைவெளியை அடிமட்டத்தால் அளப்பார்கள். அதுதான் அம்பு. நாணை வர்க்கித்து, அம்பின் எட்டு மடங்கால் வகுத்தால் ஆரை. இடைவெளி அரை மீற்றர் என்றால் 400ஐ 4ஆல் வகுக்க 100 மீற்றர். துல்லியமாக வேண்டுமானால் அம்பின் பாதியையும் கூட்ட வேண்டும், 100.25 வரும். பாதை வேலைக்கு முதல் வாய்பாடு தாராளமாகப் போதும்.

பிழை எங்கே வரும் என்றால், முதலில் நூல் தளர்ந்தால். மலைக்காற்றில் 20 மீற்றர் நூல் வயிறு தள்ளும். காற்று அடங்கும் வரை நிற்க வேண்டும். இரண்டாவது, நூல் தண்டவாளத்தில் உரசாமலிருக்க இரு முனையிலும் சின்னக் கட்டை வைத்தால் அந்தக் கட்டையின் தடிப்பை அளவிலிருந்து கழிக்க மறந்துவிடுவது. மூன்றாவது நாணின் நீளம். அது வர்க்கத்தில் வருவதால் நூல் நூற்றுக்கு ஒன்று பிழைத்தால் ஆரை நூற்றுக்கு இரண்டு பிழைக்கும். வளைவு முழுவதும் 10 மீற்றருக்கு ஒரு தடவை இப்படி அளந்துகொண்டே போனால், எண்கள் ஏறக்குறைய ஒன்றாக வரும் இடத்தில் பாதை வட்டமாக இருக்கிறது. நடுவில் ஒரு எண் துள்ளினால் அந்த இடத்தில் தண்டவாளம் கோணிப்போயிருக்கிறது.

வகுப்பில் செய்ய வேண்டுமென்றால் ரயில் பாதைக்குப் போகக் கூடாது, ஆபத்து. வளைந்த மதிலோ, விளையாட்டுத் திடலில் சுண்ணாம்பால் போட்ட வளைவோ போதும். 4 மீற்றர் நூல், ஒரு அடிமட்டம், மூன்று பிள்ளைகள்.

பாதை என்றதும் இதையும் கேட்பார்கள். மலையகப் பாதையின் உச்சச் சாய்வு 44க்கு 1. இது சைனா தான்சனா? கிடைத்தூரத்தைக் கொண்டு அளந்தால் தான்சன், தண்டவாளத்தின் மேலேயே அளந்தால் சைன். கோணம் 1.3 பாகைதான், அதனால் ஒரு கிலோமீற்றருக்கு இரண்டுக்கும் வித்தியாசம் வெறும் 6 மில்லிமீற்றர். பட்டிப்பொலப் பக்கம் பாதை ஏறக்குறைய 1,900 மீற்றர் உயரத்தைத் தொடுகிறது, அவ்வளவு உயரம் ஏறியும் இந்த வித்தியாசம் யார் கண்ணிலும் படாது.

தேயிலை மலைச் சரிவில் அந்தச் சலுகை கிடையாது. 30 பாகைச் சரிவில் 20 மீற்றர் நாடாவை நிலத்தோடு படுக்கப் போட்டால் ஏற்றம் சைன் 30ஆல், 10 மீற்றர். அதை அறியாமல் தான்சனைப் பிடித்தால் 11.55 வரும், ஒன்றரை மீற்றர் கூடுதல். நாடா நிலத்தில் கிடந்தால் அது செம்பக்கம், ஆகவே சைன். நில வரைபடத்தில் அளந்த தூரம் என்றால் அது அயற்பக்கம், ஆகவே தான்சன். வரைபடம் எப்போதும் கிடைத்தூரத்தைத்தான் காட்டும். மேலே சொன்ன 20 மீற்றர், வரைபடத்தில் 17.32தான். சாய்வை நூற்றுவீதத்தில் சொன்னால் அதுவும் தான்சன். நூற்றுக்கு நூறு சாய்வு என்றால் செங்குத்துப் பாறை என்று நினைப்பவர்கள் உண்டு. அது 45 பாகைதான்.


மலையருவி எழுதியது:

அரைஞாண் உதாரணத்தை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். கடைசியாக ஒன்று. உயர்தரத்துக்குப் போகும் பிள்ளைகள் சைன் 150ம் அரை, சைன் 30ம் அரை என்று பார்த்ததும் குழம்புகிறார்கள். 150 பாகையை வைத்துச் செங்கோண முக்கோணி வரைய முடியாதே. நாணைக் கொண்டு அதற்கு வழி இருக்கிறதா?


பாகைமானி எழுதியது:

இருக்கிறது டீச்சர், அதே 10 செ.மீ. வட்டத்திலேயே. சைன் 30க்கு மையத்தில் 60 பாகை வரைந்தோம். ஆரை இரண்டும் நாணும் சமபக்க முக்கோணி, நாண் 10, பாதி 5. சைன் 150க்கு மையத்தில் 300 பாகை வேண்டும். வரையுங்கள். வில் வட்டத்தைச் சுற்றிப் போய்விடும், ஆனால் அதன் இரண்டு முனைகளும் முந்திய இடத்திலேயே வந்து நிற்கும். வில் வேறு, நாண் அதே நாண். பாதி 5, சைன் அரை.

90க்கு மையத்தில் 180, நாணே விட்டம், பாதி 10, சைன் 1. அதற்கு மேல் வில் நீள நீள முனைகள் நெருங்கி வரும், நாண் குறுகும். 180 பாகைக்கு மையத்தில் 360. முனை இரண்டும் ஒரே புள்ளியில் சேர்ந்துவிடும், நாண் இல்லை, சைன் 0.

கணிப்பானில் சரிபார்க்கும் பிள்ளைகளுக்கு ஓர் எச்சரிக்கை. கோண அலகு பாகையில் இருக்க வேண்டும். சைன் 30க்கு கழித்தல் 0.988 வந்தால் அது ரேடியனில் நிற்கிறது. 0.454 வந்தால் செங்கோணத்தை நூறாகப் பிரிக்கும் கிரேடியனில் நிற்கிறது. அங்கே 30 என்றால் நம் 27 பாகை.